எஞ்சின் போர் அளவுச் சீட்டைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குவது பற்றிய கட்டுரையில், 'எஞ்சின் பிரித்த வண்டிப் பக்கமே போகாதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில், பிரித்தவர் அளந்து பார்த்துக் கட்டினாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். 'எஞ்சின் புதுசா செஞ்சது சார்' என்ற பேச்சை நம்பி ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். 6,000 கிலோமீட்டருக்குள் நீலப்புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிலை வாங்கி ஊற்றி மாளவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், என் விரலைப் பிடித்து சிலிண்டர் சுவரில் வைத்து மேலே இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் இடறியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஓடி ஓடிச் சுவர் தேய்ந்துபோக, ரிங் எட்டாத மேல்பகுதி மட்டும் தேயாமல் படியாக நின்றிருந்தது. முன்பு வேலை பார்த்தவர் போர் அடிக்கவில்லை (அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கவில்லை), படியையும் எடுக்கவில்லை. புது ரிங்கை மட்டும் மாட்டி மூடிவிட்டார். அது படியில் மோதி மோதி, இரண்டு சிலிண்டரில் துண்டாகவே கிடந்தது.

அதே எஞ்சினை 0.50 மி.மீ. பெரிய, ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போர் அடித்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை அளந்து பேரிங் மாற்றி, ஹெட்டின் அடிப்பரப்பையும் பேசிங் செய்து சமமாக்கிக் கட்டினோம். அதன்பின் ஒன்றரை லட்சம் ஓடிவிட்டது. ஒரு சர்வீசுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆயில் ஊற்றியதே இல்லை. அமெரிக்கரான இர்வ் கார்டனின் 1966 வால்வோ, 2013இல் 30 லட்சம் மைலைத் தொட்டது. அந்த எஞ்சினும் இடையில் பிரித்துக் கட்டியதுதான்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும் சூட்டில் மறைந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தமான கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங்கோ சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சின் வேலை நடந்திருந்தால், லேத் பட்டறையில் எழுதிக்கொடுத்த போர் அளவுச் சீட்டையும் பிஸ்டன், பேரிங் வாங்கிய பில்லையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அடுத்த இதழிலாவது இதைச் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஒரு வரியை நம்பி நல்ல வண்டியை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்