படிப்பதற்கா சம்பளம் என்று கேட்டீர்களே

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு தொலைபேசியில், "படிப்பதற்கா அமெரிக்காவில் சம்பளம் தருகிறார்கள்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்.

படிப்பதற்கு யாரும் தரவில்லை, அப்பா. நீங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லும் ஸ்காலர்ஷிப் உண்மையில் ஒரு வேலை. இளங்கலை மாணவர்கள் எழுதும் செய்திகளைத் திருத்துகிறேன். தீ விபத்தை மூன்றாம் பத்தியில் ஒளித்துவைத்துவிட்டு முதல் பத்தியில் வானிலையை வர்ணிக்கும் பிள்ளைகள்! அதற்குக் கைம்மாறாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கூடவே மாதச் சம்பளம். வகுப்புகள் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க என் விசா அனுமதிக்காது. சம்பளமும் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடை மூன்று மாதத்தை எப்படித் தள்ளுவது என்ற பேச்சு, பனி உருகுவதற்கு முன்பே எங்கள் அறையில் தொடங்கிவிடும்.

இது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். ஆய்வுக்கான பணம் வேறு கதை. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை முதுநிலை ஆய்வாளர்களுக்கு மூன்று ஆண்டு உதவித்தொகை தருகிறது. ஆனால் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்கு மட்டும். என்னைப் போன்றவர்கள் துறைக்குள்ளேயே கிடைக்கும் சிறு மானியங்களைத்தான் சுற்றி வருகிறோம்.

சமூக ஊடகத்தில் செய்தி எப்படிப் பரவுகிறது என்று பார்க்க என்ன செலவு, ஒரு கணினி போதாதா என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2021இல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கென்று தனி வழி திறந்தது. மாதம் ஒரு கோடி பதிவுகள் வரை இலவசமாக எடுக்கலாம். அந்த இலவச வாசல் 2023இல் மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேட உதவிய கிரௌட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக வேறொரு தரவு நூலகத்தை வைத்திருக்கிறது. அதற்குள் நுழையத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு முன்னால் வந்தவர்கள் கடலில் வலை வீசினார்கள். நான் கிணற்றில் வாளி விடுகிறேன்.

அந்த வாளியைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நிறுவனத்திடம் கேட்காமல் மனிதர்களிடமே கேட்பது. ஒருவர் தன் கணக்கின் தரவைத் தானே பதிவிறக்கி, வேண்டாதவற்றை நீக்கிவிட்டு எனக்குத் தரலாம். தரவுக் கொடை என்று இதற்குப் பெயர். பிறகு அவரோடு உட்கார்ந்து, இந்தச் செய்தியை ஏன் பகிர்ந்தீர்கள், இதை ஏன் படிக்காமல் விட்டீர்கள் என்று கேட்கிறேன். ஒரு கோடி பதிவுகள் வாய்விட்டுச் சொல்லாத பதிலை ஓர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் அரை மணி நேரத்தில் சொன்னார்: "தலைப்பைப் பார்த்ததும் என் தம்பிக்குக் கோபம் வரும் என்று தெரிந்தது, அதனால்தான் அனுப்பினேன்." இது முன்னோட்டம்தான். முழு ஆய்வுக்கு நாற்பது பேர் வேண்டும்.

அவர்களுக்கு நேரத்துக்கான தொகை கொடுக்க வேண்டும். ஆளுக்கு 25 டாலர் என்றால் ஆயிரம் டாலர். பேட்டிகளை எழுத்தாக்க இன்னும் ஐந்நூறு. இதற்குத்தான் துறையின் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் மடிக்கணினி சேர்த்திருந்தேன். அது ஆய்வுச் செலவு அல்லவாம். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு வேறொன்று கேட்டது: தொகை அதிகமாக இருந்தால், விருப்பமில்லாதவரும் பணத்துக்காக ஒத்துக்கொள்வாரே? கொடுக்காவிட்டால் சுரண்டல், அதிகம் கொடுத்தால் ஆசைகாட்டுதல். 25 என்ற எண்ணுக்கு நியாயம் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் அந்த அறிவியல் அறக்கட்டளை, தவறான தகவல் பற்றிய ஆய்வுகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்கள் பலவற்றை நடுவிலேயே நிறுத்தியது. என் பணம் அங்கிருந்து வரவில்லை, கவலைப்படாதீர்கள். ஆனாலும் விண்ணப்பத் தலைப்பில் 'பொய்ச் செய்தி' என்று இருந்ததை 'செய்திப் பகிர்வு' என்று மாற்றிக்கொண்டேன். அது விவேகமா கோழைத்தனமா என்று இரவில் யோசிப்பதுண்டு.

திருத்திய விண்ணப்பத்துக்கு அடுத்த மாதம் பதில் வரும். அதுவரை பென்ஷனிலிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். கேட்பவர்களிடம் ஸ்காலர்ஷிப் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் மகள்