தையல் மெசினில் நூல் இறுக்கம்: திருகைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியில் எத்தனையோ வீடுகளுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் கிடைத்தது. அவற்றில் பல இன்று மூலையில் கிடக்கின்றன. ‘நூல் சிக்குது, கீழே வளையம் வளையமாய் வருது’ என்பதே பெரும்பாலும் கேட்கும் முறைப்பாடு. வெட்டுத்துண்டுகளைப் பொருத்தி, நடுவில் பஞ்சு விரிப்போ பழைய சேலையோ வைத்து மெத்தை விரிப்புத் தைப்பவர்களுக்கு இத்தொல்லை இன்னும் அதிகம்.

மேல்நூலும் கீழ்நூலும் கொளுவும் இடம் நடுப்படைக்குள் மறைய வேண்டும். கீழ்ப்பக்கத்தில் வளையம் தெரிந்தால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பொபினைத்தான் நோண்டுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் தளர்ந்திருப்பது மேல்நூல். மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிஞ்சி இறுகியிருக்கிறது, அல்லது பொபின் தளர்ந்திருக்கிறது. மேலும் கீழும் வேறு வேறு நிற நூல் போட்டு, மேல்துணி, நடுப்படை, அடித்துணி எனத் தைக்கப்போகும் அதே மூன்று படையில் ஒரு துண்டு தைத்துப் பாருங்கள். ஒற்றைத் துணியில் சரிபார்த்துப் பயனில்லை.

மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்சன் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் நூலை முழுதாகக் கழற்றி, துணியை அமுக்கும் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். பாதம் இறங்கியிருந்தால், நூலை நெரித்துப் பிடிக்கும் டென்சன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் உள்ளே போகாமல் மேலாகவே ஓடும். தைக்கும்போது பாதத்தை இறக்க மறந்தால் தட்டுகள் திறந்தே நிற்கும். அடியில் நூல் கூடு கட்டும். விரிப்பைக் கையால் நகர்த்திப் பூவேலை தைப்பவர்கள் அடிக்கடி விடும் பிழை இது. வளைவுகளில் மட்டும் வளையம் விழுந்தால் கை மிக வேகமாக நகர்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஊசி. மூன்று படைக்கு 14ஆம் இலக்கம், தடித்த நூலுக்கு 16. ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் பார்க்க வேண்டும். நூலையும் கையால் இழுத்துப் பாருங்கள். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பருத்தி நூல் சட்டென்று அறும், அதற்கு எந்த டென்சனும் உதவாது.

பிறகு, பொபினைப் போடும் கூடான பொபின் கேஸ். அதன் தகட்டு வில்லுக்கு அடியில் ஒரு சிறு பஞ்சுத்தூசி இருந்தாலே கீழ்நூல் தளர்ந்துவிடும். மடித்த கடதாசி முனையால் அதை எடுக்கலாம். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக விழக்கூடாது, கையை இலேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் அந்த வில்லின் நடுவிலுள்ள பெரிய திருகாணியை வலப்பக்கம், மணிக்கூட்டின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். அசையவே இல்லையென்றால் இடப்பக்கம். ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். அந்த ஆணி தெறித்து மண்ணில் விழுந்தால் கிடைக்காது.

இவ்வளவும் சரியான பிறகே மேலுள்ள டென்சன் திருகு. எண் உள்ள மெசின்களில் 4இல் தொடங்கி, தேவைக்கேற்ப அரை அரையாகக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். எண் இல்லாத கறுப்பு மெசின்களில் கால் சுற்று, ஒரு சோதனைத் தையல், மறுபடி கால் சுற்று.

தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் மெசினைக் கெடுக்கிறது. அது பிசினாக இறுகி, பொபின் சுழலும் இடத்தில் நூலைப் பிடித்து இழுக்கும். பிடித்த பிசினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டு, மெசின் எண்ணெய் இரண்டொரு துளி விட்டால் போதும்.

மெசின் வழங்கும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மெசினுடனும் 14, 16 ஊசிகள், சிறிய ஸ்குரூ டிரைவர், மெசின் எண்ணெய், மேலதிகமாக ஒரு பொபின் கேஸ் ஆகியவற்றையும் கொடுங்கள். பயிற்சி நிலையங்கள் சட்டை வெட்டப் பழக்குமுன், பொபின் கேஸைக் கழற்றிப் பூட்டவும் நூல் இறுக்கம் பார்க்கவும் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

தையல் பயிற்றுநர்,
கிளிநொச்சி