விரல் நழுவினால் விடை தவறாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆன்லைன் பாடங்களில் வரும் 'பொருத்துக' கேள்விகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு பக்கம் கேள்விகள் இருக்கும். இன்னொரு பக்கம் சின்னச் சின்னக் கட்டங்களில் விடைகள் இருக்கும். விடையை விரலால் அழுத்திப் பிடித்து, இழுத்துக்கொண்டுபோய், உரிய இடத்தில் விட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பாடம், ஆசிரியர் பயிற்சி, போட்டித் தேர்வுக்கான வகுப்பு, மகளிர் குழுவினருக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தரும் பாடம் என்று எல்லாவற்றிலும் இப்போது இந்த வகைக் கேள்வி வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை தெரிந்தவருக்கு மதிப்பெண் போகிறது, தெரியாதவருக்குச் சும்மா கிடைக்கிறது. இரண்டுக்கும் காரணம் கேள்வியை அமைத்த விதம்தான். அதை மாற்ற முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் போன். எங்கள் பிள்ளைகளில் பலர் இந்தப் பாடங்களைச் செய்வது அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு, அவருடைய செல்போனில். பாடம் தயாரிப்பவர் கணினியில் பார்க்கும்போது இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். போனில் கேள்விகள் மேலே, விடைகள் கீழே என்று அடுக்கிக்கொள்ளும். கீழே கிடக்கும் விடையை மேலே உள்ள முதல் கேள்விக்குக் கொண்டுபோக வேண்டுமானால் திரையின் விளிம்பையே தாண்ட வேண்டும். பாதி வழியில் பக்கமும் சேர்ந்து நகரும். அல்லது விடை நழுவிப் பழைய இடத்துக்கே போய்விடும். சில சமயம் பக்கத்துக் கட்டத்தில் விழுந்து, அதுவே விடையாகப் பதிவாகிவிடும்.

எங்கள் ஊர் மகளிர் குழுவில் கணக்குப் புத்தகம் எழுதும் ஓர் அக்கா இருக்கிறார். சேமிப்பு எது, கடன் தவணை எது, வட்டி வரவு எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புளி சீசனில் நாள் முழுக்கப் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறவர். விரல் நுனித் தோல் தடித்து, காய்ந்து போயிருக்கிறது. டச் ஸ்கிரீன் விரலிலுள்ள மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ந்து தடித்த தோலை அது சரியாக உணராது. ஒரு தட்டு தட்டினால் எப்படியோ எடுத்துக்கொள்கிறது. அழுத்தியபடியே ஒரு சாண் தூரம் இழுக்கச் சொன்னால் நடுவில் விட்டுவிடுகிறது. வட்டி வரவை அவர் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அது திரும்பி ஓடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்துக்கு இரண்டு என்று திரை காட்டியது. குழுவின் கணக்கையே கையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு இது நியாயமா?

பார்வையற்றவர்களுக்கு இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் போட்டுக்கொண்டு படிப்பவர் திரையில் விரலை நகர்த்தினால், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று போன் வாசித்துச் சொல்லும். அவருக்கு விரலை நகர்த்துவது என்றால் வாசிப்பது. அதே அசைவை விடையை இழுக்கவும் செய் என்றால் என்ன செய்வார்? கை நடுங்கும் முதியவர்களுக்கும் இதே கதிதான்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இணையதளங்கள் எப்படி அமைய வேண்டும் என்று உலக அளவில் வரையறை செய்யும் டபிள்யூ3சி அமைப்பு, 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் நெறிமுறை 2.2-இல், இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலே செய்ய ஒரு வழி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதாவது விடையை ஒரு தட்டு, இடத்தை ஒரு தட்டு. தட்ட வேண்டிய இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும் என்றும் அதே நெறிமுறையில் உண்டு. நம் நாட்டில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் மின்னணு ஊடகத்தில் உள்ளவை எல்லோரும் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, இழுக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் மதிப்பெண் என்று ஒரு பாடம் எப்படி வெளியே வருகிறது?

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மூடில் என்ற இலவச மென்பொருள் 2002-லிருந்து இருக்கிறது. அதன் சாதாரணப் பொருத்துக கேள்வியில் இழுக்கும் வேலையே கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு பட்டியல் விரியும், விடையைத் தட்டித் தேர்ந்தெடுக்கலாம். நானும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் அதில்தான் கேள்வி போடுகிறோம். பார்க்கப் பளபளப்பு குறைவு, ஆனால் மதிப்பெண் சரியாக வருகிறது.

அப்புறம் தமிழ் எழுத்துச் சிக்கல். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துச் செய்த கட்டத்தில் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறு எண், விகிதமுறா எண் என்று இரண்டும் வரும். கட்டம் போதாமல் 'விகிதமு' என்பதோடு வெட்டி மூன்று புள்ளி வைத்துவிட்டால் இரண்டு விடைகளும் ஒன்றுபோலவே தெரியும். எதை இழுத்தோம் என்று பிள்ளைக்கே தெரியாது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் வாசிக்கிற பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்கு வெட்டுப்பட்ட சொல்லும் ஓடுகிற கடிகாரமும் சேர்ந்தால் பாடத்தில் உள்ளது எதுவும் மனதில் நிற்காது. பொருத்துக கேள்விக்கு நேர வரம்பு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி என் பாடத்துக்கு வருகிறேன், கணக்கு. ஐந்து கேள்வி, ஐந்து விடை, ஒவ்வொரு விடையும் ஒரே ஒரு முறை. இதுதான் வழக்கம். இதில் நாலு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும். ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால்? ஐந்து விடைகளை 120 விதமாக அடுக்கலாம். அதில் ஒன்றுகூடச் சரியாக அமையாதவை 44 மட்டுமே. மீதி 76 அடுக்குகளில் ஒன்றாவது சரியாக விழும். சராசரியாகப் பார்த்தால் படிக்காத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் இலவசம். பட்டியலில் ஐந்து இருந்தாலும் பத்து இருந்தாலும் அந்தச் சராசரி ஒன்றுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்த அமைப்பில் ஐந்துக்கு நாலு வாங்கவே முடியாது. ஒன்றைத் தப்பான இடத்தில் வைத்தால், அந்த இடத்துக்குரிய விடை வேறெங்கோதான் போயாக வேண்டும். ஆக ஒரே ஒரு சந்தேகம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் போகிறது. வகுப்பில் ஒரு தவறுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தால் பெற்றோர் வந்து கேட்பார்கள். திரை குறைத்தால் யாரும் கேட்பதில்லை.

ஐந்து கேள்விக்கு ஏழு விடை கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு தவறுக்கு ஒரு மதிப்பெண்தான் போகும். எல்லாவற்றையும் ஊகத்தில் சரியாகப் போடும் வாய்ப்பு 120-இல் ஒன்று என்பதிலிருந்து 2520-இல் ஒன்றாகக் குறையும். மூடிலில் கேள்விப் பெட்டியைக் காலியாக விட்டு விடையை மட்டும் எழுதினாலே அது உபரி விடையாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் உபரி விடை என்று எதையாவது போட்டு நிரப்பக்கூடாது. பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் தவறு அங்கே இருக்க வேண்டும். (a+b)²-க்கு விடையாக a²+b² என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. முற்றொருமைகளைப் பொருத்தச் சொல்லும் கேள்வியில் அதை உபரியாக வைத்தால், எந்தப் பிள்ளைக்கு நடுவில் வரும் 2ab இன்னும் புரியவில்லை என்று மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்துவிடும். அதேபோல 22/7 விகிதமுறு எண், π விகிதமுறா எண். இரண்டும் ஒன்றே என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. இந்த இரண்டும் ஒரே கேள்வியில் வர வேண்டும். தவறாக வைத்தால் வெறும் சிவப்புக் குறி காட்டி நிறுத்தாமல், 22/7 என்பது π-இன் தோராய மதிப்பு மட்டுமே என்று ஒரு வரி திரையில் தெரிய வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் அந்த ஒரு வரி உதவும்.

சமூக அறிவியலில் வேறு விதமான கோளாறு. இப்படிக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ராஜாஜி பிறந்த ஊர், தருமபுரி மாவட்டம் உருவான ஆண்டு, ஒகேனக்கல்லில் அருவியாக விழும் ஆறு, பாரமகால் ஆங்கிலேயர் கைக்குப் போன உடன்படிக்கை. விடைகள்: தொரப்பள்ளி, 1965, காவிரி, ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை. இதில் பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டு என்று கேட்டால் எண் ஒன்றுதான் இருக்கிறது, உடன்படிக்கை என்ற சொல் இரண்டு பக்கமும் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் நாலுக்கு நாலு. இதையே எல்லாம் ஆண்டாகக் கேட்கலாம். ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மறைந்தது, தருமபுரி மாவட்டம் பிறந்தது, அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது என நான்கு நிகழ்வுகள். விடைகளாக 1792, 1799, 1925, 1956, 1965, 2004. திப்பு வீழ்ந்த 1799-உம் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956-உம் உபரி. படித்தவருக்கு மட்டும்தான் இது வரும். ஆண்டுகளை ஏறுவரிசையில் அப்படியே வைக்கலாம், கலைத்துப் போட்டால் தேடுவதிலேயே பிள்ளை களைத்துப்போகும். சொற்களாக உள்ள விடைகளைக் கட்டாயம் கலைக்க வேண்டும், இல்லையென்றால் நேருக்கு நேர் இழுத்தாலே போதும் என்று ஆகிவிடும்.

அணைகளைக் கேட்பவர்கள் பாம்பாறு அணையும் வாணியாறு அணையும் எந்த ஆற்றில் என்று கேட்கிறார்கள். விடை கேள்வியிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி அணை இரண்டும் தென்பெண்ணையில் என்று கேட்பது நல்ல கேள்வி. ஆனால் ஒரு விடையை இரண்டு இடத்துக்குப் பயன்படுத்த மென்பொருள் இடம் தர வேண்டும். இடம் தராததால் 'தென்பெண்ணை' என்று இரண்டு கட்டம் போட்டுவிடுகிறார்கள். முதல் கட்டம் இந்த அணைக்கு, இரண்டாவது அந்த அணைக்கு என்று உள்ளே எழுதியிருக்கும். பிள்ளை மாற்றி இழுத்தால், திரையில் சரியான சொல்லே இருந்தும் தவறு என்று வரும். இதைவிட ஒரு பிள்ளையைக் குழப்ப என்ன வேண்டும்? தன் பாடத்தையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடும்.

இழுத்துப் போடும் கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடமே விடையாக இருக்கும்போது அதைவிட நல்ல கேள்வி இல்லை. எண்கோட்டில் √2 எங்கே நிற்கும், வட்டத்தில் நாண் எது, வரைபடத்தில் சின்னாறு அணை எங்கே என்று கேட்டால் கைகொண்டு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் தட்டி வைக்கும் வழி வேண்டும். விரலே புள்ளியை மறைத்துக்கொள்வதால் ஏற்கும் எல்லையைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். வெறும் சொல்லுக்குச் சொல் பொருத்துவதற்கு இழுவை எதற்கு? வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் சிக்னல் வந்து போகும் இடத்தில், படமும் அசைவுமாகக் கனத்த கேள்வி திறக்கவே நேரமாகிறது.

பாடம் தயாரிக்கும் அரசுத் துறையினரையும் தனியார் நிறுவனத்தினரையும் நான் கேட்பது இவ்வளவுதான். வெளியிடும் முன்பு, சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள அலுவலகக் கணினியில் மட்டும் சோதித்துப் பார்த்து முடித்துவிடாதீர்கள். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஓர் அரசுப் பள்ளிக்கு வந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடமும் ஒரு மகளிர் குழுவிடமும், அவர்கள் வீட்டுப் போனிலேயே கொடுத்துப் பாருங்கள். பின்னால் நின்று, வாயைத் திறக்காமல், எங்கே விரல் நழுவுகிறது, எந்தச் சொல் வெட்டுப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட கேள்விகளை அனுப்பவும் திருத்தவும் வாரம் ஒரு பத்தி ஒதுக்கினால், முதல் வாரத்துக்கான கேள்விகளை அனுப்ப நான் தயார். முற்றொருமைகளில் ஐந்து கேள்வியும் ஏழு விடையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.