கேன்சருக்குத் தந்திரம் தெரியாது

அன்புள்ள மகளுக்கு,

என் நுரையீரல் கேன்சர் மறுபடி வளர்கிறது என்றதும் நேற்று போனில், "அது மருந்தையே ஏமாத்திடுச்சுப்பா" என்று அழுதாயே, அது மனசிலேயே நிற்கிறது. பேச்சில் விளக்க வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் ஸ்கேனில் கட்டி கட்டைவிரல் நகம் அளவு இருந்தது, மாத்திரை ஆரம்பித்த பிறகு பொட்டு அளவுக்குச் சுருங்கியதை நீயும் பார்த்தாய். ஆக, மருந்து நன்றாகவே வேலை செய்தது. சிக்கலே அங்கேதான். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுவில் எழுத்துப் பிழைகள் விழும், பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் இஜிஎஃப்ஆர் என்ற, செல்லை வளரத் தூண்டும் புரதத்தின் 790ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போய், மாத்திரையால் அந்தப் புரதத்தைச் சரியாகத் தடுக்க முடியாமல் போகிறது. மருந்து இல்லாதவரை அது கூட்டத்தில் ஒன்று, அவ்வளவுதான். மற்றவை செத்து இடம் காலியானதும் அதன் வாரிசுகள் பெருகின. மருந்து அந்தப் பிழையை உண்டாக்கவில்லை, பிழையோடு இருந்ததை மிச்சம் வைத்தது. 1943இலேயே லூரியா, டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாக்டீரியாக்களை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். புற்றுநோயும் இப்படித்தான் பரிணமிக்கிறது என்று 1976இல் பீட்டர் நோவெல் என்ற புற்றுநோய் ஆய்வாளர் எழுதினார்.

பிழை விழுந்தாலே கேன்சர் என்றும் பயந்துவிடாதே. 2015இல் ஆரோக்கியமான, வெயில் பட்ட கண் இமைத் தோலைச் சோதித்தபோது, கிட்டத்தட்ட கால்வாசி செல்களில் கேன்சரைத் தூண்டக்கூடிய மாற்றங்கள் இருந்தன. அந்தத் தோல் பாட்டுக்குத் தோலாகவே இருந்தது! இன்னும் பல மாற்றங்கள் சேர வேண்டும், சுற்றியிருக்கும் செல்களோடு போட்டியில் ஜெயிக்க வேண்டும்.

அப்புறம், நீ கேட்கத் தயங்கிய கேள்வி. என் நுரையீரலில் விழுந்த பிழை அங்கேயே விழுந்தது, உனக்கு நான் கொடுத்த மரபணுவில் அது இல்லை.

இப்போது கொடுத்திருக்கும் ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை, அந்த 790 மாற்றம் உள்ள செல்லையும் பிடிக்கும். இதற்கும் அடங்காத ஒன்று வருமா என்று டாக்டரிடம் கேட்டேன், மழுப்பாமல் வரலாம் என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

அடுத்த ஸ்கேன் இரண்டு மாதத்தில். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, ரிப்போர்ட்டை அன்றைக்கே அனுப்புகிறேன்.

அப்பா