பெயர் கேட்காமல் விட்ட லைன்மேன் அண்ணனுக்கு

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. போர் மோட்டார் ஓடாததால் வாடகை ஜெனரேட்டருக்குக் காசு கொடுத்துத்தான் தொட்டியை நிரப்பினோம். குடிக்கிற தண்ணிக்கே அந்தப் பாடு.

வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்களில் ஒருவர் நீங்கள். பேச்சில் நெல்லை வாடை. சாய்ந்த பலா மரத்தை வெட்டி, தோளில் கம்பம் சுமந்து, வாய்க்கால் சேற்றில் நீங்கள் குழி தோண்டியதைப் பார்த்தேன். ஏறுவதற்கு முன் தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டீர்கள்: "எந்த வீட்லயாவது ஜெனரேட்டர் ஓடுதாவே? மொதல்ல நிறுத்துங்க!"

ஓடியது எங்கள் வீட்டில்தான். மெயினை இறக்காமல் ஓட்டினால் அந்தக் கரண்ட் திரும்பக் கம்பிக்கே ஏறி, மேலே இருப்பவரைக் கொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. மெயினை இறக்கியிருந்தேனா? இன்றுவரை நினைவில்லை. நீங்கள் திட்டவும் இல்லை.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பல்பு எரிந்தது. தெருவே கத்தியது. அம்மா காபி போட்டு எடுத்து வருவதற்குள் உங்கள் லாரி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது.

அந்தக் காபி இன்னும் பாக்கி, அண்ணே. நன்றி.