லயத்து வீடுகளுக்குத் தனி முகவரியும் காணி உறுதியும் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், பதுளை.

அனுப்புநர்:
தோட்ட முன்பள்ளி ஆசிரியை,
மேட்டுலயத்தின் 24 குடும்பங்கள் சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு விண்ணப்பப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பது நான்தான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரியாகப் போகும். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். 24 வீட்டுக்கும் நான் எழுதுவது தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மட்டுமே. வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை.

தபால்காரர் லயத்துக்கு ஏறி வருவதில்லை. கடிதங்களை மொத்தமாகத் தோட்ட ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து யாராவது, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டு வந்தால் உண்டு. போன வருடம் எங்கள் பிள்ளை ஒருத்திக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அவள் அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளை. கடிதம் ஆபீஸ் மேசையில் 11 நாள் கிடந்திருக்கிறது. கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து இரண்டு நாள். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை அவள் திரும்பத் திரும்ப வாசித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வீட்டில், ஒரே பெயர் இருவருக்கு இருந்ததால், அடகு நகை ஏலத்துக்குப் போகும் என்ற அறிவித்தல் வேறு வீட்டுக்குப் போய், தாலிக்கொடியே போய்விட்டது.

சம்பளத்தைப் பற்றித் தொழிற்சங்கங்கள் பேசுகின்றன, பேசட்டும். நாங்கள் உங்களிடம் வந்திருப்பது வீட்டுக்காகவும் காணிக்காகவும்.

லயத்து அறைகளான இந்தக் காம்பராக்களில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிறோம். ஆனாலும் ஒரு தகரம் மாற்றுவதற்குக்கூட நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டும். காணி எங்கள் பெயரில் இல்லாததால் வங்கியில் வீட்டுக் கடன் கேட்க முடியாது. 1992-இல் அரசாங்கத் தோட்டங்கள் தனியார்மயமானபோது கம்பனிகளின் கைக்குப் போனது நிர்வாகமும் குத்தகையும்தான். காணி இன்றும் அரசாங்கத்துடையது. அதனால்தான் தோட்ட நிர்வாகியான துரையிடம் போகாமல் உங்களிடம் எழுதுகிறோம்.

எல்லாப் பிரஜைகளுக்கும் போதிய உணவும் உடையும் வீடும் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் நாடு 1980-இல் சேர்ந்தபோது, உலகத்தின் முன்னாலும் இதே வாக்கைக் கொடுத்திருக்கிறது. 1948-இல் மலையகத் தோட்டத் தமிழரிடமிருந்து பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை எங்களில் பலருக்கு முழுதாகத் திரும்பி வர 2003 வரை ஆனது. பிரஜாவுரிமை வந்தும் இருக்க ஒரு துண்டுக் காணி வரவில்லை.

எங்கள் லயத்துக்கு மேலே மண்திட்டு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனங்கள் புதைந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஆபத்து என்று அங்கே முன்பே எச்சரித்திருந்தார்கள், ஆனாலும் சனங்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் நாங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தோம். மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்பி வந்தோம். வேறு எங்கே போவது?

ஆகவே ஐயா, முதலில் 24 வீட்டுக்கும் இலக்கமும் பாதைக்குப் பெயரும் கொடுத்து, வாக்காளர் இடாப்பில் பதிந்து, கடிதம் வீட்டு வாசலுக்கே வர ஒழுங்கு செய்து தாருங்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அப்புறம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு மண்ணைப் பரிசோதித்து, பாதுகாப்பான இடத்தில் காணி அளந்து உறுதி வழங்குங்கள். அந்த உறுதியில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்க வேண்டும். மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான், வீடு மட்டும் ஆம்பிளை பெயரில் போவது நியாயமில்லை.

இந்த மனுவுக்கான பதிலைத் தயவுசெய்து தோட்ட ஆபீஸுக்கு அனுப்ப வேண்டாம். கிராம உத்தியோகத்தர் மூலமாக முன்பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். காலை எட்டு மணியிலிருந்து அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை
(24 குடும்பங்களின் கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)