யாழினியின் குறட்டை விஷயமாக

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். மீனா காதில் விழுந்தால் மாமியார் குறை சொல்வதாக ஆகிவிடும். அதனால் கடிதம்.

லீவுக்கு வந்த யாழினி என் பக்கத்தில்தான் படுத்தாள். "படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள்" என்று சொல்லி அனுப்பினாய். அவள் தூங்கவில்லையய்யா, மூச்சுக்கு மல்லுக்கட்டுகிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. திடீரென்று சத்தம் நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. பிறகு 'ஹக்'கென்று ஒரு இழுப்பு, ஒரு புரளல், மறுபடி குறட்டை. ஃபேனுக்கு நேர் கீழே படுத்தும் பின்கழுத்து நனைந்திருந்தது. எப்போதோ விட்டுப்போன படுக்கையில் மூத்திரம் போகிற வழக்கமும் திரும்பியிருக்கிறது. ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பினாரே, அதையும் இதோடு சேர்த்துப் பார். தூக்கம் கெட்டால் நாம் பகலில் தூங்கி வழிவோம். பிள்ளைகள் பல சமயம் ஆட்டம் போடுவார்கள்.

எத்துப்பல்தானே, 12 வயதில் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாய். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலண்ணம் குறுகி, உயரமாக ஏறியிருக்கிறது. பல்லைக் கடிக்கச் சொன்னால் வலப்பக்க மேல்கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் விழுகிறது. கீழ்த்தாடை பின்னால் தள்ளியிருக்கிறது. டான்சில் இரண்டும் ஒன்றையொன்று தொடாத குறைதான்.

திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காது-மூக்கு-தொண்டை (இ.என்.டி.) ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் பார்த்த முகம் இது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து வழியை அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டாமல் கீழே கிடக்கும். உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லாதபோது கன்னத்தின் அழுத்தத்தில் மேல்தாடை ஒடுங்கும். வாய்க்குக் கூரையாக இருப்பதுதான் மூக்குக்குத் தரை. கீழ்வீடு ஒடுங்கினால் மாடியும் ஒடுங்கத்தானே செய்யும்? கீழ்த்தாடை பின்தங்கினால் நாக்கும் தொண்டைப் பக்கம் சரியும். மூச்சு தாடையைக் கெடுக்கும், தாடை மூச்சைக் கெடுக்கும். இதில் எது முதல் என்று நம்மால் பிரிக்க முடியாது.

முதலில் அவள் தூங்கும்போது நெஞ்சும் முகமும் தெரிய, சத்தத்தோடு வீடியோ எடு. இ.என்.டி. டாக்டரிடம் காட்டு. ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொன்னால் தயங்காதே. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே என்றால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்கு 1ஐத் தாண்டினாலே கணக்குத்தான்.

ஆபரேஷன் என்றதும் மீனா பயப்படுவாள். 2013இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. 5 முதல் 9 வயது வரை 464 பிள்ளைகள். டான்சிலும் அடினாய்டும் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் மூச்சு சரியாகியிருந்தது. எடுக்காமல் கவனித்து வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆகவே அவசரப்பட்டுக் கத்தி வைக்கவும் வேண்டாம், வளர்ந்தால் சரியாகும் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். லேசாக இருந்தால் மூக்கு ஸ்பிரே கொடுத்தே பார்ப்பார்கள்.

சதை எடுத்த பிறகும் சிலருக்குக் குறட்டை நிற்பதில்லை. தாடை குறுகலும் அதற்கு ஒரு காரணம். அதனால் பல் சீரமைப்பு டாக்டரையும் இப்போதே பார்த்துவிடு. 7 வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்லி அமெரிக்க பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமே சொல்கிறது. மேலண்ணத்தின் நடுவில் ஒரு பொருத்து உண்டு; சின்ன வயதில் இறுகாமல் இருக்கும். அங்கே ஸ்குரு வைத்த கருவியை மாட்டி, வீட்டில் சாவியால் திருகச் சொல்வார்கள். ஒரு திருப்புக்குக் கருவி கால் மில்லிமீட்டர் விரியும், அப்படியே மேல்தாடையை அகலமாக்கும். பருவ வயதைத் தாண்டத் தாண்ட அந்தப் பொருத்து இறுகிவிடும், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். 12 வரை காத்திருக்க வேண்டாம் என்பது அதனால்தான். ஆனால் தாடை குறுகாத பிள்ளைக்கும் குறட்டைக்கு மருந்து என்று இதை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழினிக்கு எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சரி சொல்.

வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கச் சொல்லும் ரீல்ஸ் உனக்கும் வந்திருக்கும். மூக்கு அடைத்த பிள்ளைக்கு வாயையும் அடைப்பானா ஒருத்தன்? அந்தப் பக்கமே போகாதே.

மீனாவிடம் பேசும்போது என் பெயரை இழுக்காதே, நீயே கவனித்ததாகச் சொல். ஆபரேஷன் என்று முடிவானால் தேதியை முன்னாலேயே சொல்லிவிடு. டான்சில் எடுத்த பிள்ளைக்கு இரண்டு வாரம் வரைக்கும் எச்சிலில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு ஒரு டிக்கெட் போடு, கீழ் பெர்த்தாகப் பார்த்து.

அன்புடன்,
அம்மா